பார்சல் கம்பெனி மூடியபோது சேதி யாருக்கு முதலில் போயிற்று?

(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் ஆற்றிய உரை)



ஆட்குறைப்பு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டிய காலையை நீங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். ஆனால் அந்த நோட்டீஸுக்கு முந்திய நாட்களில் மானேஜ்மெண்ட் யாரிடம் பேசுகிறது, யாரிடம் வாய் திறப்பதில்லை என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. பிரிட்டனில் நடந்த ஒரு விவகாரத்தை வைத்து இதை விளக்குகிறேன்.

சிட்டி லிங்க் என்று ஒரு பார்சல் கம்பெனி. 1969-ல் லண்டனில் தொடங்கியது. ஒரு ரயில் நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குப் பிரயாணிகளின் மூட்டை முடிச்சுகளைக் கொண்டு சேர்ப்பதுதான் ஆரம்பத் தொழில். பிற்பாடு நாடெங்கும் வேன் ஓட்டிப் பார்சல் விநியோகிக்கும் பெரிய ஸ்தாபனமாக வளர்ந்தது. பிறகு வரிசையாக நஷ்டம். 2013 ஏப்ரலில் அதன் சொந்தக்காரரான ரென்டோகில் கம்பெனி, பெட்டர் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு அதை விற்றுவிட்டது. விலை என்ன தெரியுமா? 1 பவுன்!

வாங்கியவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 4 கோடி பவுன் போட்டார்கள். ஆனால் போட்டவர்கள் அடமானம் எழுதி வாங்கிக்கொண்டுதான் போட்டார்கள். விவசாயத் தொழிலாளர்களுக்கு இது உடனே விளங்கும். களத்தில் நெல் அளக்கும்போது கடன் கொடுத்தவன் முதலில் அளந்துகொண்டு போவான். அறுத்தவன் கூலிக்குக் காத்து நிற்பான். கம்பெனிச் சட்டத்திலும் அடமானக்காரன்தான் முன்வரிசை.

"சீரமைப்பு நடக்கிறது, கம்பெனி நிமிரும்" என்ற பேச்சிலேயே இருபது மாதம் ஓடியது. 2014 டிசம்பர் வந்தது. பார்சல் தொழிலுக்கு அதுதான் அறுவடை மாதம். கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்களை ராப்பகலாய்ச் சுமந்தார்கள். டிசம்பர் 24-ல் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது; எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற கணக்காளர் நிறுவனம் அதைக் கையிலெடுத்தது. மறுநாள் கிறிஸ்துமஸ். பண்டிகைச் சோற்றுக்கு உட்கார்ந்த தொழிலாளி, தன் வேலை போகப்போகிறது என்பதை ரேடியோவிலும் டெலிவிஷனிலும் கேட்டுத் தெரிந்துகொண்டான்! மொத்தம் 2,727 பேர் வேலை பார்த்த இடம். டிசம்பர் 31-ல் 2,356 பேருக்கு வேலை நீக்கம் அறிவிக்கப்பட்டது. மிச்சமிருந்த பார்சல்களைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கு முடிக்க மற்றவர்களை வைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டனில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1992-ஆம் வருஷத்துச் சட்டப்படி 100 பேர் அல்லது அதற்கு மேல் ஆட்குறைப்புச் செய்ய உத்தேசித்தால், குறைந்தது 45 நாள் முன்னதாகத் தொழிற்சங்கத்தோடு பேச்சு ஆரம்பிக்க வேண்டும். காரணம் என்ன, எத்தனை பேர், எந்தப் பிரிவு, எந்த முறையில் பொறுக்குகிறார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்த 45 நாள் முன்பு 90 நாளாக இருந்தது. சர்க்கார் அதைப் பாதியாகக் குறைத்தது எப்போது? 2013 ஏப்ரலில். கம்பெனி கைமாறிய அதே மாதம்!

அந்த 45 நாளும் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. மூன்று டைரக்டர்கள் மீது சர்க்காருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கத் தவறியதாக வழக்கு வந்தது. 2015 நவம்பரில் கவென்ட்ரி மாஜிஸ்திரேட் கோர்ட் அவர்களை விடுதலை செய்தது. அவர்கள் வாதம் இது: "தொழிலை விற்றுக் காப்பாற்ற முடியும் என்று நாங்கள் நம்பினோம், ஆகவே ஆட்குறைப்பு உத்தேசம் அப்போது இல்லை." இந்த நுணுக்கத்தை நன்றாகக் கவனியுங்கள், தோழர்களே. மானேஜ்மெண்ட் "உத்தேசித்தால்" சொல்லியாக வேண்டும். "நம்பிக்கொண்டிருந்தால்" சொல்ல வேண்டியதில்லை! நம்பிக்கையைத் தராசில் நிறுத்திப் பார்ப்பது எப்படி?

முதலாளி தரப்பில் இன்னொரு சமாதானமும் உண்டு. முன்கூட்டியே சொன்னால் வியாபாரிகள் வேறு கம்பெனிக்குப் பார்சலைக் கொடுத்துவிடுவார்கள், பிழைக்கக்கூடிய கம்பெனியும் செத்துப்போகும் என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ரகசியத்தின் செலவு யார் தலையில் விழுந்தது?

சுமார் 1,000 பேர் ஒப்பந்த டிரைவர்கள். உடுத்தியது கம்பெனி யூனிபாரம், ஓட்டியது கம்பெனிச் சாயம் பூசிய வேன். காகிதத்தில் மட்டும் அவர்கள் "சுயதொழில்" செய்கிறவர்கள். அந்த வேனுக்கும் பெட்ரோலுக்கும் அவர்கள்தான் பொறுப்பு. பண்டிகைக் காலத்தில் இன்னும் ஆளும் வண்டியும் போட்டு உழைத்தவர்கள் உண்டு. டிசம்பர் மாதம் ஓடிய ஓட்டத்துக்குப் பணம் கேட்கப் போனால், "நீங்கள் அடமானமில்லாத கடன்காரர்கள், வரிசையில் கடைசியில் நில்லுங்கள்" என்று பதில். சம்பளத் தொழிலாளிக்காவது ஆட்குறைப்பு நஷ்டஈட்டைச் சர்க்காரின் தேசிய இன்ஷூரன்ஸ் நிதி ஒரு வரம்புக்குள் கொடுத்தது. இவர்களுக்கு அதுவும் கிடையாது. நிலைமை தெரிந்திருந்தால் ஒரு வாரம் முன்பே வண்டியை நிறுத்தியிருப்பார்கள். ரகசியம் காப்பாற்றப்பட்டது, அவர்கள் வயிற்றில்.

2015 மார்ச்சில் பார்லிமெண்டின் இரண்டு கமிட்டிகள் சேர்ந்து அறிக்கை கொடுத்தன. ஒப்பந்தக்காரர்களை நடத்திய விதத்தைக் கண்டித்தன. இன்னொரு விஷயத்தையும் எடுத்துக்காட்டின: தொழிலாளரோடு பேசாமலே வெளியேற்றுவது கம்பெனிக்கு லாபமாகவே முடியலாம். எப்படி? அன்றைய சட்டப்படி, பேசத் தவறினால் ஆளுக்கு 90 நாள் சம்பளம் வரை கொடுக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட முடிந்தது. கம்பெனிதான் திவாலாயிற்றே! அதில் ஒரு பங்கைப் பொதுஜன நிதி கட்டுகிறது. சட்டத்தை மீறியவன் ஒருவன், அபராதம் கட்டுகிறவன் வேறொருவன்!

இது திவாலான கம்பெனியின் கதை என்று நினைக்காதீர்கள். கொழுத்த லாபம் சம்பாதிக்கும் அமெரிக்க யூ.பி.எஸ். கம்பெனியைப் பாருங்கள். 2024 ஜனவரியில் 12,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. 2025 ஏப்ரலில் 20,000 வேலைகள், 73 கட்டிடங்கள் மூடல். 2026 ஜனவரியில் மேலும் 30,000 வரை. மூன்று முறையும் இந்தச் சேதி வெளியானது எங்கே? பங்குக்காரர்களுக்குக் காலாண்டு வரவு செலவு வாசிக்கும்போது! மூட்டை தூக்குகிறவனுக்கு அது மறுகையாகத்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பேச்சில் ஆள் என்ற வார்த்தையே அபூர்வம். "வலையமைப்பை மாற்றியமைத்தல்", "திறன்" என்றுதான் பேசுவார்கள். இதைப் படித்துப் புரிந்துகொள்வதற்கே சங்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பேன்.

ஆகவே மானேஜ்மெண்ட் "சீரமைப்பு" என்று வாய் திறந்த அன்றே சங்கம் கேட்க வேண்டியது எண்ணிக்கையும் தேதியும். அதோடு அடமானம் யார் பேரில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். வாய்ச் சொல் வேண்டாம், எழுத்தில் வேண்டும். எழுதித் தர மறுத்தால், அந்த மறுப்பையும் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். தான் எதையும் உத்தேசிக்கவில்லை என்று நாளைக்கு அவன் கோர்ட்டில் சொல்லும்போது அந்தக் காகிதம் பேசும். ஒப்பந்தக்காரனையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். "அவன் நம் ஆளில்லை" என்று முதலாளி சொல்லுவான். நாமும் சேர்ந்து சொன்னால் எப்படி?

பிரிட்டனில் 2025 டிசம்பரில் நிறைவேறிய தொழிலாளர் உரிமைச் சட்டம், நான் சொன்ன 90 நாள் சம்பள வரம்பை 180 நாளாக உயர்த்த வகை செய்தது. சிட்டி லிங்க்கில் கிறிஸ்துமஸ் வரை வேன் ஓட்டிய அந்த 1,000 பேரைப் போன்றவர்களுக்கு அதில் ஒரு நாள் சம்பளம்கூட இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் சுயதொழில்காரர்கள்தான்.