மூளைக்குக் குருதி வழங்கும் காவலன்

(பூன் லேயில் தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றிய உரை)



அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இந்தப் பூன் லே, சூ பூன் லே (1852–1933) என்னும் வணிகரின் பெயரைத் தாங்கியது. ஜூரோங் வட்டாரத்தில் அவர் ரப்பர் வளர்த்தார். பால்மரத்தடியில் குனிந்து நிமிரும் உழைப்பை இம்மண்ணும் அறியும். அந்தக் குனிந்து நிமிர்தலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

உடல் எடையில் மூளை நூற்றில் 2 பங்கே. ஆயினும் நாம் ஓய்ந்திருக்கையில் உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஏறத்தாழ 20 பங்கு அதற்கே செல்கிறது. குருதி வரத்து முற்றிலும் நின்றால் 10 விநாடி அளவில் நினைவு தவறும்.

தாழ்ந்த பட்டையில் பால் வெட்டிவிட்டு நீங்கள் எழுகிறீர்கள். உடனே அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி வயிற்றிலும் கால்களிலும் இறங்கித் தங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணர்நரம்புகள் அழுத்தம் குறைவதை மூளைத்தண்டுக்கு அறிவிக்கின்றன. பிடரியின் உட்புறம் விரல் பருமனில் அமைந்த அத்தண்டின் கீழ்ப்பகுதி முகுளம் எனப்படும். முகுளம் இதயத்தை விரைவுபடுத்துகிறது. கீழுடலின் குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. மூளைக்கு வரும் குருதி குறையாமல் நிலைக்கிறது. இதயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் இத்தகைய நரம்புச் செய்திகளை 1950களில் ஆராய்ந்து புகழ்பெற்றவர் இந்திய விஞ்ஞானி அவ்தார் சிங் பெயிந்தல்.

கடும் வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடலில் குருதியின் அளவே குறைந்துவிடும். அப்போது காவலன் எவ்வளவு முயன்றாலும் போதாது. கண் இருண்டு மயக்கம் வரும். மயங்கி விழுவோரைத் தூக்கி உட்காரவைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். அது தவறு. மூளையை நோக்கிக் குருதி மேலேறுவதை அது கடினமாக்கும். நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்றே உயர்த்துங்கள். இறுகிய உடையைத் தளர்த்துங்கள். நினைவு முழுதும் திரும்பும்வரை வாயில் நீர் ஊற்றாதீர்கள்.

இரண்டொரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, முகம் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினாலோ காலந்தாழ்த்தாது மருத்துவ உதவியை நாடுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 ஆகிய எண்களை அழையுங்கள். மூளைக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் மருந்து, முதல் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தினாலே பெரிதும் பயன் தரும்.

தோழர்களே, வேலைக்குப் புறப்படும்போது போதிய நீர் எடுத்துச் செல்லுங்கள். குந்திய நிலையிலிருந்து மெல்ல எழுங்கள். இரத்த அழுத்தத்தைத் தவறாது பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓயாது காக்கும் மூளைத்தண்டுக்கு நாம் செய்யக்கூடிய துணை இதுவே.