செவியும் கேள்வியும்



பாவலர் நாளும் ஆளுகின்ற 'செவி' என்னும் சொல், சங்கப் பாடல்களிலேயே சகர முதலாக நிற்பது. ஆயின் அதன் தொல்வடிவம் ககர முதலாக இருந்தது என்பது திராவிட மொழியியலின் முடிபு.

கோவையிலிருந்து வடக்கே சத்தியமங்கலம் கடந்து, திம்பம் மலையேறித் தாளவாடியை அடைந்தால், அங்கு வழங்கும் கன்னடத்தில் இச்சொல் 'கிவி'. வடமேற்கே நீலகிரியில், கோத்தர் மொழியில் 'கெவ்'. குடகில் 'கெவி', துளுவில் 'கெபி'. நடு இந்தியாவின் கோலாமியிலும் 'கெவ்' என்பதே வழக்கு. பலுச்சித்தானத்துப் பிராகுயியிலும் முதலில் நிற்பது சகரமன்று, ககரத்தின் உரசொலியே. தம்முள் தொடர்பற்றுப் பிரிந்து கிடக்கும் மொழிகள் பலவும் ஒருமுகமாகக் ககரத்தைக் காட்டுவதால், மூலவடிவம் '*கெவி' என அறிஞர் கொள்வர். முன்னுள்ள உடுக்குறி, அவ்வடிவம் ஏட்டிலோ கல்லிலோ கிடைத்ததன்று, ஒப்பீட்டால் மீட்டமைத்தது என்பதைக் குறிக்கும். செருமானிய இனமொழிகளின் பழஞ்சொற்களை ஐரோப்பிய அறிஞர் மீட்டெடுத்த நெறியும் இதுவே.

தமிழில் இ, ஈ, எ, ஏ என்னும் உயிர்களோடு கூடிய மொழிமுதற் ககரம் சகரமாயிற்று. கன்னடத்தின் 'கெய்', 'கெல', 'கிறு' என்பவை தமிழில் செய், சில, சிறு என நிற்கின்றன. அங்ஙனமாயின் 'கேள்' ஏன் 'சேள்' ஆகவில்லை? உயிரை அடுத்து ட, ண, ள, ழ ஆகிய வளைநா ஒலிகள் வருமிடத்து இம்மாற்றம் தடைப்பட்டது. கிளி, கீழ், கெடு, கேள் ஆகியன அவ்வாறு தப்பியவை. கேட்கும் உறுப்பின் பெயர் மாறியது. கேட்டற்றொழிலின் பெயர் மாறவில்லை. இக் ககர சகர மாற்றத்தைத் தாமசு பரோ 1943இல் தனிக்கட்டுரையில் ஆராய்ந்தார். அவரும் எமனோவும் இணைந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இல் வெளிவந்தது.

1930களில் எமனோ நீலகிரியில் தங்கிக் கோத்தர் மொழியைக் கேட்டு எழுதினார். ஏட்டிலக்கியம் இல்லாத அம்மொழி, ஈராயிரமாண்டு இலக்கியமுடைய தமிழ் இழந்துவிட்ட ஓர் ஒலியைக் காத்து வைத்திருந்தது. இதனால் தமிழின் தொன்மை குறைவதில்லை. தமிழே தன் பழமைக்கெல்லாம் தனிச்சான்று என்னும் எண்ணமே திருத்தம் பெறுகிறது. எழுத்தில் ஏறாத வழக்கைக் கொச்சையென ஒதுக்குவோர், சான்றையும் உடன் ஒதுக்குகின்றனர். மலைமொழி பேசும் முதியோர் மறையும்தோறும் அச்சான்று குறைகிறது. கொங்கு நாட்டுப் பாவலர்க்கு அம்மலை தொலைவன்று. செவி கொடுத்தலே வேண்டற்பாலது.