மனப்பாடம் செய்த வீடுகள்



மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தேர்வுதான் நினைவுக்கு வருகிறது. தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிற ஒன்று என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அமெரிக்கா போன்ற நாடுகளில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில, இந்த மனப்பாடத்தையே கல்வியின் அடித்தளமாக வைத்திருக்கின்றன. மறைக்கல்வி, இலத்தீன், வரலாறு, அறிவியல், கணக்கு, புவியியல் என்று ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஒரு சிறு பகுதி. பிள்ளைகள் அதைச் சத்தமாகச் சொல்லி, பாட்டாகப் பாடி, மனதில் ஏற்றிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொடுப்பவர்கள் பெற்றோர்.

இதைக் கேள்விப்படும்போது புதுமையாகத் தோன்றலாம். நமது முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு இது புதிதல்ல. ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன்பு, அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லாத காலத்தில், நமது முன்னோர்கள் விசுவாசத்தைக் கற்றது இப்படித்தான். அவர்கள் வீடே பள்ளிக்கூடமாக இருந்தது.

1530களின் நடுவில் இக்கடற்கரையின் பரதவ மக்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்குத் தமிழில் செபம் சொல்லித்தர ஆள் இல்லை. 1542ஆம் ஆண்டு புனித சவேரியார் இங்கே வந்தபோது, திருமுழுக்கு இருந்தது, போதனை இல்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய மடலில், தாம் செய்ததை விவரிக்கிறார். தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம் ஆகியவற்றை மிகுந்த பாடுபட்டுத் தமிழாக்கினார்கள். முதலில் மனப்பாடம் செய்தவர் சவேரியாரே. பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று, சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டி, நாளுக்கு இருமுறை சொல்லிக்கொடுத்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் நம் கவனத்துக்கு உரியது. பிள்ளைகள் தாங்கள் கற்றதைத் தாய்தந்தையருக்கும், வீட்டில் உள்ள எல்லாருக்கும், அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். நோயாளிகள் கூப்பிட்டு அனுப்பியபோது, எல்லா இடத்துக்கும் அவரால் போக முடியவில்லை. செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துவைத்து, நோயாளியின் அருகே விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். ஒவ்வோர் ஊரிலும் செபங்களை எழுதிவைத்து, எழுதத் தெரிந்தவர்கள் பார்த்து எழுதி மனப்பாடம் செய்து தினமும் சொல்லும்படி ஏற்பாடு செய்தார். அதை நடத்துவதற்கு ஊருக்கு ஒருவரை நியமித்தார். கணக்கப்பிள்ளை, உபதேசியார், கோவில்பிள்ளை என்று நாம் இன்றும் மதிப்போடு சொல்லும் பணி அந்த வழியில் வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல் சொல்வதில் என்ன பயன்? நியாயமான கேள்வி. அதற்கும் நமது கடற்கரை வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

சவேரியார் காலத்து மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் இருந்ததாக வரலாற்று அறிஞர்கள் குறிப்பிடுகிறார்கள். கடவுளை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, கடவுள் வேணும் என்று நம் முன்னோர்கள் சொல்லியிருக்கிறார்கள்! சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்று, இந்தப் பிழைகளைக் கண்டு திருத்தினார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் பதினாறே பக்கமுள்ள ஒரு செபப் புத்தகம். அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. கேள்வியும் பதிலுமாக அமைந்தது அது. நம் பாட்டிமார் படித்த சின்னக் குறிப்பிடமும் அதே முறையில் அமைந்ததுதான்.

கவனியுங்கள். மக்கள் வாயில் ஒரு சொல் இருந்ததால்தான் அதைத் திருத்த முடிந்தது. ஒன்றுமே இல்லாத வாயில் எதைத் திருத்துவது? முதலில் சொல் வருகிறது. பிறகு பொருள் வளர்கிறது. குழந்தை ‘அம்மா’ என்று சொல்லும்போது தாய்மையின் பொருள் முழுவதும் அதற்குத் தெரியுமா? சொல்லிச் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறது. ஆகவே மனப்பாடம் போதும் என்று நாம் சொல்லவில்லை. பொருளையும் சொல்லித்தர வேண்டும். ஆனால் பொருள் வந்து அமர ஒரு பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரம்தான் மனப்பாடம்.

திருச்சபையின் தொடக்கக் காலத்திலும் இதுவே வழக்கம். திருமுழுக்குக்கு ஆயத்தமானவர்களுக்கு விசுவாசப் பிரமாணத்தைக் காதால் கேட்கக் கொடுத்தார்கள். அதை எழுதிவைக்காமல் இதயத்தில் எழுதிக்கொள்ளும்படி புனித அகுஸ்தினார் போதித்தார். அவர்கள் அதைத் திரும்பச் சொல்லிக்காட்ட வேண்டும். 1979இல் புனித இரண்டாம் யோவான் பவுல் மறைக்கல்வியைக் குறித்து எழுதியபோது, மனப்பாடத்தை முற்றிலும் ஒதுக்கிய மறைக்கல்வி பாலைநிலம்போல் ஆகிவிடும் என்ற கருத்தில் எச்சரித்தார்.

சொல் உள்ளே இருந்தால், வெளியே உள்ளவை பறிபோனாலும் விசுவாசம் நிற்கும். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். இலங்கையில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது. 1687இல் புனித யோசேவ் வாஸ் தூத்துக்குடி வழியாக இரகசியமாக இலங்கைக்குச் சென்றார். யாழ்ப்பாணத்தில் கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்காரரைப்போல் வீடுவீடாகப் போனார். அந்தச் செபமாலையை அடையாளம் கண்டுகொண்ட வீடுகள் இருந்தன. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருக்கள் இல்லாமல், வீடுகளே விசுவாசத்தைக் காப்பாற்றியிருந்தன.

நமது சவேரியார் 1549இல் கால்வைத்த ஜப்பானில் நடந்தது இதைவிட வியப்பானது. அங்கே திருச்சபை தடைசெய்யப்பட்டு, குருவானவர்கள் எவரும் இல்லாமல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்தன. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஆலயத்துக்குப் பக்கத்துக் கிராமத்தார் சிலர் வந்து, தங்கள் இதயமும் குருவானவரின் இதயமும் ஒன்றே என்று மெதுவாகச் சொல்லி, மாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். அத்தனை தலைமுறைகளும் செபங்களையும் திருமுழுக்கு கொடுக்கும் முறையையும் வீட்டுக்குள்ளேயே வாய்வழியாகக் கடத்தி வந்தவர்கள் அவர்கள்.

இன்று நமக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. ஆலயம் பக்கத்தில் இருக்கிறது. புத்தகம் இருக்கிறது. கைப்பேசியில் எல்லா செபங்களும் இருக்கின்றன. ஆனால் நோயில்பூசுதல் கொடுக்க வீடுகளுக்குச் செல்லும்போது நாம் காண்பது என்ன? பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன பாட்டி, அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினால் தடையில்லாமல் முடிக்கிறார். கட்டிலைச் சுற்றி நிற்கும் பேரப்பிள்ளைகள் கைப்பேசியைத் தேடுகிறார்கள். அவர்கள் நல்ல பிள்ளைகள், பாட்டிமேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அந்த நேரத்தில் பாட்டிக்குக் கொடுக்க அவர்கள் வாயில் ஒரு சொல் இல்லை. இதை நினைத்துத்தான் நாம் கவலைப்படுகிறோம்.

சங்கு குளிக்க இறங்கும் சகோதரர்களைக் கேளுங்கள். கடலுக்கடியில் விளக்கம் கேட்க ஆளில்லை, திறந்து பார்க்க ஏடில்லை. உள்ளே இழுத்துக்கொண்ட மூச்சும், உள்ளே பதிந்த பழக்கமும்தான் துணை. துன்பத்தின் ஆழமும் அப்படிப்பட்டதுதான். நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது கையில் ஏட்டுச்சுருள் இல்லை. சிறுவயதிலிருந்து கற்ற திருப்பாடல்களின் சொற்களே அவர் உதடுகளில் வந்தன.

இணைச்சட்ட நூல் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். ஆண்டவரின் கட்டளைகளைப் பிள்ளைகள் உள்ளத்தில் பதியச் செய்யுமாறும், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைப் பேசுமாறும் மோசே கேட்கிறார். இதைக் குருக்களுக்கென்று தனியாகச் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பெற்ற எல்லாருக்கும் சொல்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைப்பதும் இதனால்தான். ஞாயிறு மறைக்கல்வி வாரத்துக்கு ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை உங்களோடு இருக்கிறது.

ஆகவே ஓர் எளிய திட்டம் தருகிறோம். நம் பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குப் போகட்டும். வீட்டில் வாரத்துக்கு ஒரே ஒரு சிறு பகுதி. விசுவாசப் பிரமாணத்தின் 12 பிரிவுகள், பத்துக் கட்டளைகள், 8 பேறுகள், 7 அருள்சாதனங்கள், 14 இரக்கச் செயல்கள். கூட்டிப் பார்த்தால் 51 வாரங்கள். மீதியுள்ள ஒரு வாரம் மனத்துயர் செபத்துக்கு. ஓர் ஆண்டு நிறைந்துவிட்டது. விளக்கேற்றும் நேரத்தில் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வழியில் ஒருமுறை கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் அதன் பொருளைப் பேசுங்கள். இரக்கச் செயல் என்றால், பிள்ளையின் கையாலேயே ஒன்றைச் செய்ய வையுங்கள்.

‘சாமி, எங்களுக்கே தெரியாதே’ என்று சில பெற்றோர் சொல்வீர்கள். தயங்க வேண்டாம். இந்தக் கடற்கரையில் பிள்ளைகள்தான் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். தங்குகடலுக்குப் போகும் தகப்பன்மாரே, கரைக்கு வந்ததும் அந்த வாரத்துப் பகுதியை உங்கள் மகளிடம் கேட்டுச் சொல்லிப் பாருங்கள். தாத்தா பாட்டி இருக்கிற வீடுகள் பேறுபெற்றவை. அவர்கள் உள்ளத்தில் இருப்பதை, அவர்கள் இருக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்துவந்த நம் பனிமய அன்னை, உங்கள் இல்லங்களுக்குத் துணை நிற்பாராக. இன்று மாலையே முதல் பகுதியைத் தொடங்குங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.