குதிரைக்கேற்ற வழி



இங்கிலாந்தின் நாட்டுப்புறத்திலே குதிரைச் சவாரி செய்ய விழைவோர் கடிவாளத்தைப் பற்றுமுன் நிலப்படத்தை விரித்துப் பார்த்தல் வேண்டும். அங்கே நடைவழி வேறு, குதிரைவழி வேறு. நடைவழியிற் காலால் நடப்பதற்கே பொதுமக்களுக்கு உரிமையுண்டு. குதிரையைச் செலுத்த நிலவுடைமையாளரின் இணக்கம் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலுமுள்ள பொதுவழிகளிலே குதிரைக்கு உரியவை நான்கிலொரு பங்கிற்கும் குறைவே. இவற்றையெல்லாம் படத்திற் பதிந்து வைக்குமாறு 1949ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர்ச் சபைகளைப் பணித்தது. ஓட்னன்ஸ் சேவே நிறுவனத்தின் 1:25,000 அளவுப் படங்களிலே பச்சைக் குறுங்கோடுகள் நடைவழி. பச்சை நெடுங்கோடுகள் குதிரைவழி. விரைந்து நோக்குவோர் மயங்குதல் எளிது.

உரிமையுள்ள வழி யாவும் உகந்த வழியாகுமோ? சவுத் டவுன்ஸ் வழியை எடுத்துக்கொள்வோம். 1972இல் திறக்கப்பட்ட இது, வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஏறத்தாழ 160 கிலோமீற்றர் செல்கிறது. முழுத்தூரமும் குதிரையிற் செல்லலாம். முகட்டிலிருந்து காணுங் காட்சி இனிதே. ஆயினும் நம் கண்ணுக்கு இனிய வழி குதிரையின் காலுக்கும் இனிதாதல் வேண்டுமே! சுண்ணப்பாறை நிலமாதலின், மழை பெய்தால் இறக்கங்களிற் குளம்பு வழுக்கும். கூரிய சக்கிமுக்கிக் கற்கள் குளம்பினடியை நோகச் செய்யும். நீர் கசிந்தோடிவிடுவதால் முகட்டிலே ஓடைகளில்லை. தண்ணீர்க் குழாய்கள் எங்கெங்குள்ளன என்பதைப் புறப்படுமுன் அறிந்துகொள்க. பழகாத குதிரையாயின், பெருஞ்சாலையைக் கடக்கவேண்டிய பகுதியை முதல்நாளே தெரிந்தெடுத்தல் ஆகாது. மேய்ச்சல் நிலத்து வாயில்களைத் திறந்தவர் மூடிவிட்டே செல்லல் வேண்டும். அப்பால் ஆடுகள் நிற்கும்.