பௌதிக மாணாக்கர்க்கு ஒரு வழித்துணை

(மயிலாடியில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் பௌதிக சாஸ்திரத்தைக் குறித்து யாது பேச வல்லோம் எனச் சிலர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமே. இக்காலத்தார் இயற்பியல் என வழங்கும் அந்நூலை யாம் கற்றோமல்லோம். அதனைக் கற்கும் நம் பிள்ளைகட்கு நேரும் ஒரு குறையைக் கண்டோம். அக்குறையில் எமக்கும் பங்குண்டு. ஆதலின் அதனையே முதற்கண் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகட்கு முன், நம்மூர்ச் சிற்பக்கூடம் ஒன்றில் கல் வேலை செய்யும் அன்பர் ஒருவரின் மகன், எம்மிடம் தமிழ் பயின்றவன், கல்லூரியில் பௌதிகம் மூன்றாம் ஆண்டு படித்து வந்தான். புரட்டாசி மாதத்தில் ஒருநாள் எம் இல்லம் போந்து, "ஐயா, பட்டம் முடியப் போகிறது, மேலே என்ன செய்வது?" என வினவினான். யாம், "முதலில் பட்டத்தைப் பெறு, பின்னர்ப் பார்ப்போம்" என்று கூறி அனுப்பினோம். நல்லுரை பகர்ந்தோம் என்றே எண்ணியிருந்தோம். ஐ.ஐ.டி. முதலிய கழகங்களில் முதுநிலை பயில்வதற்குரிய 'ஜாம்' என்னும் தேர்வுக்கு அப்பொழுதுதான் விண்ணப்பம் பெறப்பட்டு வந்தது என்பதை யாம் அறியோம், அவனும் அறியான். மறு ஆண்டு எழுதலாமெனின், வீட்டு நிலை இடந்தரவில்லை. நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கணக்கெழுதச் சென்றான். அவன் தந்தையார் எம்மைக் கடிந்தாரல்லர். "வாத்தியாரையா, எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டோம்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நிற்க. அறிவுள்ள மாணாக்கனுக்கு நூலொன்றே போதாதோ எனின், போதாது என்பதற்குச் சரித்திரமே சான்று. சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற காலத்து, 1928ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேரறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய நூலை ஊன்றிக் கற்றிருந்த சந்திரசேகர் அவரை நேரிற் சென்று கண்டார். அந்நூல் வெளிவந்த பின்னர்ப் பௌதிகமே மாறிவிட்டது என்று அப்பெரியார் எடுத்துரைத்து, உலோகங்களின் எலெக்ட்ரான்களைக் குறித்துத் தாம் எழுதிய புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதனைக் கற்றுத் தெளிந்து சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அச்சேறியது. 1930இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். அவர்தம் பேராற்றல் அவருடையதே. எனினும், 'நீ கற்றது பழையது; புதியது ஈது' என உரிய காலத்திற் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பிறிதொன்று கூறுவோம். அல்லாடி இராமகிருஷ்ணன் என்னும் பேராசிரியர் சென்னையில் தம் இல்லத்திலேயே மாணாக்கரைக் கூட்டிக் கோட்பாட்டுப் பௌதிகம் பயிற்றினார். 1960இல் நீல்ஸ் போர் என்னும் மேதை அம்மாணவர் குழாத்தைக் கண்டு பெரிதும் பாராட்டினார். அவ்வீட்டு வகுப்பே வித்தாக, 1962ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் தோன்றிற்று. ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கிய காரியம் தேசத்துக்குரிய நிறுவனமாயிற்று என்றால், நம் சங்கத்துக் கூடத்தில் ஏதும் தொடங்கலாகாதோ?

நம்மூரார்க்கு இஃது எளிதில் விளங்கும். மயிலாடிச் சிற்பக்கூடத்தில் சேர்ந்த சிறுவனை முதல்நாளே சிலை வடிக்க விடுவாருண்டோ? உளி தீட்டவும், கல்லைத் தட்டி ஓசை தேரவும் பழகிய பின்னரே முகம் செதுக்கும் வேலை கைக்கு வரும். எப்பொழுது எதனைக் கொடுப்பது என்பதை மூத்தவர் அறிவர். அவ்வறிவே வழிகாட்டல் எனப்படுவது. கல்லுக்கு உள்ள அம்மரபு கல்விக்கு மட்டும் இல்லாதொழிந்தது ஏன்?

இனி, யாம் காலந்தாழ்ந்து கற்றுக்கொண்டவற்றைச் சுருங்கச் சொல்வோம். முதலாண்டில் கணிதத்தை உறுதியாக்குக. பௌதிகத்தில் இடறுவோர் பலர் கணிதத்திலேயே இடறுகின்றனர். ஆசிரியர் ஒருவரேனும் தன்னை அறியுமாறு ஐயங்கேட்டுப் பழகுக. பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டுபவர் அவரே. இரண்டாமாண்டில், இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித் திட்டத்திற்கு விண்ணப்பிக்க. விஞ்ஞானி ஒருவரின் கீழ் இரண்டு திங்கள் வேலை செய்தால், இத்துறை தனக்கு ஒக்குமா என்பது தானே புலப்படும். மூன்றாமாண்டுத் தொடக்கத்திலேயே ஜாம் தேர்வுக்கு விண்ணப்பிக்க. அது பிப்ரவரியில் நிகழும். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள்.

எல்லாரும் ஆராய்ச்சியாளராதல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. பி.எட். பயின்று ஆசிரியராகலாம், மருத்துவப் பௌதிகம் கற்றுப் புற்றுநோய் மருத்துவமனைகளிற் கதிர்ச்சிகிச்சையின் அளவைக் கணிக்கும் பணி ஏற்கலாம், வானிலைத் துறையின் உதவியாளர் பதவிக்கும் பௌதிகப் பட்டதாரிகள் கொள்ளப்பட்டுள்ளனர். நம் மாவட்டத்தை அடுத்த மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் ஓசை எழுகிறது. அங்குள்ள வேலைகளின் தகுதியையேனும் நம் பிள்ளைகள் கேட்டறிதல் வேண்டாவோ?

ஆகவே சங்கத்தார்க்கு எம் விண்ணப்பம் மூன்று. நம்மவருள் விஞ்ஞானம் கற்றுப் பணியிலிருப்போர் பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதப்படுக. அவர்கள் விடுமுறைக்கு ஊர் வருங்கால் ஒரு மாலைப்பொழுதேனும் மாணாக்கரோடு அமர்க. விண்ணப்ப நாட்கள் இப்பத்திரிகையில் ஆடி மாதந்தோறும் அச்சிடப்படுக. விண்ணப்பக் கட்டணமும் தேர்வூருக்கு வண்டிச் செலவும் இயலாதார்க்குக் கல்வி நிதியினின்று உதவுக. வாசலில் அலங்கார வளைவு கட்டும் செலவினும் இது குறைவே.

முன்னே கூறிய மாணவனுக்கு ஒரு தம்பியுளன். அவன் இவ்வாண்டு பௌதிக வகுப்பிற் சேர்ந்துள்ளான். அண்ணனே அவனை எம்மிடம் அழைத்து வந்தான். "இவனுக்காவது முன்னமே சொல்லிவிடுங்கள், ஐயா" என்றான். அவன் கேட்டது எம்மை மட்டுமன்று. இச்சபையிலுள்ள நம் எல்லோரையுமே என்று கொண்டு, விடை கூற முன்வாரீர்!