பழைய கணினியைக் கைவிடலாமா தயாரிப்பாளர்?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. மாசாயிலும் ஸ்கூடாயிலும் பிள்ளையின் படிப்புக்காகத் தவணையில் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கும். திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது. ஆனாலும் விண்டோஸ் 11 அதை ஏற்க மறுக்கிறது.

டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது நிறுவனம் சொல்லும் காரணம். நியாயம்தான். ஆனால், 2016 ஜூலை முதல் புதிய விண்டோஸ் கணினிகளில் அதே வசதி இருந்தாக வேண்டும் என்று விதித்ததும் இதே நிறுவனம்தானே? அந்த வசதியோடு விற்ற கணினியையும், 'உன் செயலி எங்கள் பட்டியலில் இல்லை' என்று ஒதுக்கினார்கள். இன்டெல் ஏழாம் தலைமுறைச் செயலிகளில் பெரும்பாலானவை வெளியே நின்றன. ஆனால் மைக்ரோசாப்டின் சொந்தத் தயாரிப்பான சர்பேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருந்த ஏழாம் தலைமுறைச் செயலிக்கு 2021இல் அனுமதி கிடைத்தது. தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் தனிப் பந்தி!

தயாரிப்பாளர் தரப்பையும் கேட்க வேண்டும். பத்தாண்டுக்கு முந்திய ஒவ்வொரு கணினிக்கும் மென்பொருள் எழுதிச் சோதிப்பதற்குச் செலவு உண்டு. பழைய சில்லில் இல்லாத ஆற்றலை மென்பொருளால் வரவழைக்கவும் முடியாது. ஆனால் மனம் வைத்தால் வழி உண்டு. ஏஎம்டி 2017இல் ரைசன் செயலியை விற்றபோது வந்த தாய்ப்பலகைகள் பலவற்றில், 2022இல் கிடைத்த புதுப்பிப்புக்குப் பிறகு ரைசன் 5000 வரிசைச் செயலியைப் பொருத்த முடிந்தது. பிரேம்வொர்க் எனும் அமெரிக்க நிறுவனம் மடிக்கணினியின் தாய்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி விற்கிறது. குரோம்புக் கணினிகளுக்குப் பத்தாண்டுப் புதுப்பிப்பு என்று கூகுள் 2023இல் அறிவித்தது.

நம் ஜொகூரில் இன்னொரு காட்சி. கூலாயில் என்விடியாவின் அதிநவீனச் சில்லுகளோடு தரவு மையம் அமைப்பதாக ஒய்டிஎல் 2023 டிசம்பரில் அறிவித்தது. புதியதற்கு இங்கே சிவப்புக் கம்பளம். பழைய கணினியோ எஸ்டபிள்யூ 110 என்ற பட்டியலிட்ட கழிவாகிறது. குப்பைத் தொட்டியில் வீச வேண்டிய பொருளல்ல அது.

நம் நாட்டின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவைப் பலர் அறிவதில்லை. பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்திற்குக் கிடைக்கத் தயாரிப்பாளர் வழி செய்ய வேண்டும் என்கிறது அது. 'அந்தப் பொறுப்பை ஏற்கமாட்டோம்' என்று விற்கும்போதே தெரியப்படுத்திவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. அந்த ஓட்டையை அடைத்து, பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட வைக்க வேண்டும். ஐரோப்பியப் பயனீட்டாளர் அமைப்புகள் குரல் கொடுத்த பிறகுதான், அவ்வட்டார மக்களுக்கு விண்டோஸ் 10இன் ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாப்ட் கட்டணமின்றித் தர இசைந்தது. இங்கும் கேட்டால்தான் கிடைக்கும்.

அதுவரை, கடையில் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நினைவகத்தைக் கூட்ட முடியுமா, அல்லது பலகையோடு பற்றவைத்துவிட்டார்களா? புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே முறையிடலாம். கட்டணம் 5 ரிங்கிட்.