நிலை எங்கே, தம்பி?



தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் காதை விட்டுப் போகாது. விடிந்தும் விடியாத நேரம். மூடுபனி லயத்து வாசல்வரை வந்து நிற்கும். அப்போது ஆலையின் பெரிய தகரக் கதவு தண்டவாளத்தில் கடகடவென்று நகரும். கேமரன் மலையில் எங்கள் வீட்டுக் கடிகாரம் அதுதான். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆலையில் அவர் ஃபிட்டர். இலை அரைக்கும் இயந்திரத்தைப் பற்றியும் உலர்த்தும் அடுப்பைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார். அந்தக் கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுதானே!

பிறகு நான் இரும்பு வேலைக்குப் போனேன். கொட்டகை, கூரை, தூண், கதவு என்றே காலம் ஓடியது. இன்று நான் பேசப்போவது கதவைப் பற்றிக்கூட இல்லை. பெரிய கதவைத் தாங்கி நிற்கிற சட்டத்தைப் பற்றி. நம் பேச்சில் அதற்கு அழகான பெயர் இருக்கிறது: நிலை. வாசலுக்கு வைப்பதும் நிலை, மனிதருக்கு இருக்க வேண்டியதும் நிலை.

தேயிலை ஆலைக்கு எதற்குப் பெரிய கதவு? மலையில் இந்தத் தொழில் தொடங்கிய காலத்திலிருந்தே பதில் ஒன்றுதான். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் இந்தியாவிலிருந்து வந்த சுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தேயிலையைத் தொடங்கினார். யாருடைய ஆலையானாலும் கொழுந்து மூட்டை மூட்டையாக உள்ளே வந்தாக வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதாவது உள்ளே வருவது மலையளவு, வெளியே போவது மடுவளவு. லோரி வாசல்வரை வந்தால் போதாது, முதுகை உள்ளே நுழைக்க வேண்டும். அதற்கு வாசல் அகலமாக இருக்க வேண்டும், உயரமாகவும் இருக்க வேண்டும்.

அதே வாசல்தான் ஆலைக்கு எதிரியும். உலர்த்தி எடுத்த தேயிலை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மிச்ச நேரம் பனி. திறந்த கதவு வழியாக மேகமே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே சட்டென்று திறக்க வேண்டும், சட்டென்று மூட வேண்டும். அகலமும் குறையக் கூடாது. இந்த மூன்றையும் கேட்டால் கதவு செய்கிறவர் தலையைச் சொறிவார்.

தண்டவாளக் கதவு நகர்வதற்குப் பக்கத்தில் அதே அளவு சுவர் வேண்டும். சுருள் ஷட்டர் நல்லதுதான், ஆனால் அகலம் கூடக் கூட அதன் பட்டைகள் காற்றில் வளையும். சுருண்டு நிற்கிற உருளையும் வாசலுக்கு மேல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பெரிய கொட்டகைகளுக்கும் விமானக் கூடங்களுக்கும் ஹைட்ராலிக் கதவு வந்தது. முழுக் கதவும் ஒரே பலகைபோல் இருக்கும். மேல் விளிம்பில் கீல். இரு பக்கமும் எண்ணெயின் அழுத்தத்தில் நீளும் சிலிண்டர். பொத்தானை அழுத்தினால் கதவின் அடி முன்னால் எழும்பி, முழுக் கதவும் வெளியே படுத்துக்கொள்ளும். மழை நாளில் அதுவே லோரிக்குத் தாழ்வாரம். எங்கள் மலைக்கென்றே யாரோ யோசித்ததுபோல இருக்கும்.

இங்கேதான் வம்பு தொடங்குகிறது.

நம் ஊர்க் கோயில் கோபுர வாசல்களின் பழைய மரக்கதவுகளை நினைத்துப் பாருங்கள். யானை போகிற வாசல், ஆள் உயரத்துக்குப் பல மடங்கு. அந்தக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கீழே ஒரு குடுமி, கல்லில் குழி. மேலேயும் ஒரு குடுமி. கதவின் பாரமெல்லாம் கீழ்க்குடுமி வழியாகக் கல்லுக்குப் போய், கல்லிலிருந்து மண்ணுக்குப் போகிறது. சுவருக்கு அதில் பெரிய வேலை இல்லை. வீட்டுக் கதவில் கீல் வந்ததும் பாரம் பக்கவாட்டு மரத்துக்கு மாறியது. ஹைட்ராலிக் கதவில் அந்தப் பாரம் தலைக்கு ஏறிவிட்டது. அதுவும் திறக்கும்போது.

இதைப் புரிய வைக்கக் கொழுந்துக் கூடையை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. என் அம்மா முதுகில் கூடையோடு சரிவில் ஏறுவார். உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும். பாரம் நேராகக் காலில் இறங்கும். அதே கூடையைக் கையை நீட்டி முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் தாங்காது. கூடையின் எடை ஒரு பிடிகூட ஏறவில்லை. ஆனால் தோள் பிய்கிறது, இடுப்பு வலிக்கிறது, கால் விரல் மண்ணைக் கவ்வுகிறது. மூடிய கதவு முதுகுக் கூடை. திறந்த கதவு நீட்டிய கை.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பயப்படாதீர்கள். ஆறு மீட்டர் அகலம், நாலரை மீட்டர் உயரம் உள்ள கதவு, எடை 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது 900 கிலோவும் நேராகக் கீழே தொங்கும். முழுதாகத் திறந்தால் அந்த எடையின் மையம் வாசலைத் தாண்டி இரண்டேகால் மீட்டர் வெளியே போய்விடும். சிலிண்டரின் அடி, கீலுக்கு ஒன்றரை மீட்டர் கீழே தூணில் ஊன்றியிருந்தால், கீல்கள் மேல் உத்தரத்தை வெளிப்பக்கம் 1,350 கிலோ பலத்தோடு இழுக்கும். சிலிண்டர்களின் அடி அதே பலத்தோடு தூண்களை உள்பக்கம் தள்ளும். கதவின் எடையைவிட ஒன்றரை மடங்கு, அதுவும் படுக்கைவாட்டில்.

பழைய ஆலைக் கட்டடங்களின் தூண்களுக்கு இது பழக்கமில்லாத வேலை. அவை கூரையின் பாரத்தையும் மாடியில் வாடப்போட்ட இலையின் பாரத்தையும் நேராக மண்ணுக்கு இறக்கப் பிறந்தவை. மேல் உத்தரமும் அப்படித்தான். பள்ளிக்கூடத்து அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்திப் பாருங்கள், அசையாது. அதையே படுக்கப் போட்டு அழுத்தினால் வில்லாக வளையும். ஐ-பீமும் அந்த அடிக்கோல்தான். மேலிருந்து வரும் பாரத்துக்குச் சிங்கம். பக்கவாட்டில் இழுத்தால் வெறும் தகடு.

சிலிண்டரின் பலமோ கேட்கவே வேண்டாம். உள்விட்டம் எட்டு சென்டிமீட்டர் உள்ள ஒரு சிலிண்டரில் நூறு பார் அழுத்தம் ஏற்றினால் ஏறத்தாழ ஐந்து டன் தள்ளும். ஆனால் அதற்குக் கண் கிடையாது. கதவை எவ்வளவு பலத்தோடு தள்ளுகிறதோ அதே பலத்தோடு தூணையும் தள்ளும். இரண்டில் எது முதலில் அசைகிறதோ அதுதான் நகரும்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது. மண்டையில் ஏறியது ஒரு கொட்டகையில்.

மலையில் ஒரு தோட்டத்துச் சரக்குக் கொட்டகை. பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. தேயிலைப் பெட்டிகளை லோரியில் ஏற்றும் இடம். தண்டவாளக் கதவை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் கதவு வைக்கச் சொன்னார் மேனேஜர். நான் பழைய தூண்களைத் தட்டிப் பார்த்தேன், நல்ல இரும்பு. அவற்றிலேயே கீலையும் சிலிண்டரையும் பொருத்திவிட்டேன். முதல் நாள் கதவு வெண்ணெயாக ஏறியது. எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டார்.

"சார், கதவு மூடினா ஒரு பக்கம் இடிக்குது. மறுபக்கம் கை நுழையுது."

போய்த் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தேன். ரோட்டுப் பக்கத்து இடத்தூண் 22 மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருந்தது. உத்தரம் நடுவில் வயிறு தள்ளி நின்றது. கூரைத் தகரத்தின் ஆணித் துளைகள் நீண்டு, மழை உள்ளே சொட்டியது. கதவு திறக்கும்போதெல்லாம் கொட்டகையையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்திருக்கிறது.

அந்தக் கொட்டகைக்கு மரவேலை செய்த ஒரு ஆசாரி அங்கே நின்றுகொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். வாயில் வெற்றிலை. கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவு வச்சிட்டீங்க, சரி. நிலை எங்க தம்பி?"

"தூண் இருக்கே அண்ணே."

"அது கொட்டகைக்குத் தூண். கதவுக்கு நிலை எங்க?"

எனக்குப் பதில் இல்லை. நம் ஊரில் வீடு கட்டும்போது நிலை வைப்பது தனிச் சடங்கு. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் பூசி, நவதானியம் போட்டு, நிலையை முதலில் நிறுத்துவார்கள். சுவர் பிறகுதான் அதைச் சுற்றி எழும். நிலை சுவரில் சாய்ந்து நிற்பதில்லை. தானாக நிற்கும் நிலைக்குச் சுவர் துணைக்கு வருகிறது. நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

இன்னொரு விஷயமும் அன்றுதான் உறைத்தது: மண். மலையில் சமதளம் என்பதே பாதி வெட்டியது, பாதி கொட்டியது. உள்பக்கம் வெட்டிய கெட்டி மண், வெளிவிளிம்பு கொட்டி மிதித்த மண். எங்கள் கொட்டகையின் வாசல் அந்த வெளிவிளிம்பில் இருந்தது. திறந்த கதவு அதைத்தான் அழுத்துகிறது. இந்த மலையின் மண்ணை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1961இல் ரிங்லெட்டில் நடந்த மண்சரிவில் 16 பேர் இறந்தார்கள். என் கொட்டகையில் நடந்தது அதன் பக்கத்தில் வைத்துப் பேசக்கூட முடியாத சின்ன விஷயம். ஆனால் கதவுக்கு அரை அங்குலம் மண் இறங்கினால் போதும், சட்டம் சாய்சதுரமாகிவிடும். சாய்சதுர வாசலில் நேர்சதுரக் கதவு எப்படி மூடும்?

கதவைக் கழற்றினேன். கொட்டகைக்கு முன்னால் ஒரு கையளவு இடைவெளி விட்டுத் தனி நிலை ஒன்று செய்தோம். இரு பக்கமும் தடித்த பெட்டிக் குழாயில் தூண். மேலே ஒற்றை உத்தரத்துக்குப் பதில், அகல ஏணியைப் படுக்கப் போட்டதுபோல் இரண்டு பீம், நடுவே குறுக்குச் சட்டங்கள். படுக்கைவாட்டு இழுப்புக்கு அந்த ஏணிதான் பதில். ஒவ்வொரு தூணிலிருந்தும் ஒரு சாய்கால், கொட்டகைக்குள் இரண்டு மீட்டர் பின்னால் தரைக்கு இறங்கியது.

இந்தச் சாய்காலின் வேலை வேடிக்கையானது. திறந்த கதவு நிலையை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். அப்போது பின்னங்கால்கள் தரையிலிருந்து எழும்பப் பார்க்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 கிலோ பலத்தோடு. அதனால் அதன் அடியில் தாங்குகிற கல் போதாது, பிடித்து இழுத்து வைக்கிற கல் வேண்டும். ஆளுக்கு அரைக் கனமீட்டர் கான்கிரீட் போட்டோம், 1,200 கிலோ. முன்கால்களின் கதை எதிர்மாறு. கதவு 900 கிலோதான், ஆனால் பின்னால் பிடித்து இழுக்கிற பாரமும் சேர்ந்து திறந்த நேரத்தில் முன்கால்கள் இரண்டும் 1,900 கிலோவுக்கு மேல் சுமக்கும். கொட்டிய மண்ணைத் தோண்டி எடுத்து, கெட்டி மண் வரும்வரை போய்த்தான் அவற்றின் அடித்தளம் போட்டோம்.

சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போனவர்களுக்கு அங்கே தேநீர் குடிக்கும் மேடை நினைவிருக்கும். சரிவைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும், கீழே பச்சைப் பள்ளத்தாக்கு. எல்லாரும் முன்னால் போய்ப் படம் எடுப்பார்கள். நான் போனால் பின்னால் திரும்பி, அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று தேடுவேன். தொழில் புத்தி. என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

காற்றையும் சொல்லியாக வேண்டும். பலத்த காற்று நொடிக்கு 33 மீட்டர் வேகத்தில் நேராக மோதினால், முரட்டுக் கணக்கில், 27 சதுர மீட்டர் மூடிய கதவை 1,800 கிலோ பலத்தோடு தள்ளும். திறந்த கதவோ பாய்மரம். புயல்காற்று அடித்தால் மூடிவிடுங்கள் என்று வேலையாட்களிடம் சொல்லி வைத்தேன். கதவை மட்டமாகப் படுக்கவிடாமல், வெளிவிளிம்பு சற்றுத் தாழ நிற்கும்படி வைத்தேன். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் அதன் முதுகில் தேங்கும். எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கதவு விழாமல் பிடிக்கிற வால்வு சிலிண்டரின் அடியிலேயே இருக்க வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிக்கிறவரோடு நான் வேலை செய்வதில்லை. பெட்டிக் குழாய்களின் அடியில் சிறு துளை போட்டேன். எங்கள் மலைப் பனி மூடிய குழாய்க்குள்ளும் வேர்த்து, உள்ளிருந்தே இரும்பைத் தின்னும்.

நிலை எழும்பிய அன்று கொட்டகையோடு அதை இன்னும் இணைக்கவில்லை. சுவரில்லாமல் வாசல் மட்டும் தனியாக நின்றது. பார்க்க விசித்திரமாக இருந்தது. ஆசாரி வந்தார். உத்தரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். மாவிலை கட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். எங்கள் மலைக்குளிரில் மாமரத்தை எங்கே தேடுவது? தாப்பாவிலிருந்து ஏறிவந்த லோரிக்காரர் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்தார்.

"இரும்புக்கு எதுக்கு அண்ணே இதெல்லாம்?" என்றார் மேனேஜர்.

"நிலைதானே சார்" என்றார் ஆசாரி.

கதவை மாட்டி, முழுதாகத் திறந்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டோம். மழை பெய்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிகாலையில் பனியில் கை நடுங்கத் தூக்குக்குண்டை இறக்கினேன். இடத்தூண் மூன்று மில்லிமீட்டர். வலத்தூண் இரண்டு. கதவை மூடிவிட்டு மறுபடி பிடித்தேன். இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. ஆசாரி எட்டிப் பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரி, இனிமே சுவத்தைக் கட்டுங்க" என்றார்.